ஈரம் போதவில்லையாம், சுங்கை சிப்புட்டில்!

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை போனபோது மயில் கலாத்தியா என்ற அழகு இலைச் செடி ஒன்றை முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கி வந்து, சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வரவேற்பறையில் வைத்திருக்கிறீர்கள். மூன்றே வாரத்தில் இலை ஓரம் பழுப்பானது, இலை சுருண்டது. காணொளிகளைப் பார்த்து, காற்றில் ஈரம் போதவில்லை என்று ஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கினீர்கள். தொட்டிக்கு அடியில் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டு, காலையும் மாலையும் ஸ்பிரே, தினமும் அரைக் குவளைத் தண்ணீர். இப்போது இரண்டு தண்டு அடியோடு சாய்ந்துவிட்டது. இதைவிடப் பெரிய மெஷின் வாங்கட்டுமா என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரை உங்களைக் குடைவது வேறு ஒன்று. காட்டில் பிறந்த செடி, மழையும் புழுக்கமும் உள்ள இந்த ஊரில், இவ்வளவு கவனித்தும் ஏன் சாகிறது? அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் செடிப் படிப்பு படித்தவள் இல்லை. 17 வயதில் தோட்டத்து நர்சரியில் மண் பை நிரப்பப் போனேன். பால்மரம் என்கிற ரப்பர் மரத்தைச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்குச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம். வேலையை விட்டு நிற்கும்போது அதே நர்சரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இப்போது வீட்டுக்குப் பின்னால் நிழல் வலை கட்டி அழகுச் செடி வளர்க்கிறேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது செடிப் பைத்தியம் ஒன்று பிடித்ததே, அப்போது என்னிடம் வாங்கிப்போனவர்களில் பாதிப் பேர் சாகக் கிடந்த செடியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கீழே நான் சொல்வதில் முக்கால்வாசி, அந்தத் தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதல் வேலையாக மெஷினை நிறுத்திவிடுங்கள். அது கெட்ட பொருள் இல்லை, நமக்கு வேண்டாத பொருள். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போடுவார்கள். அந்த அறைக் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே உட்கார்ந்து பேசுகிற ஒருவர் ‘கலாத்தியாவுக்கு ஈரக்காற்று கொடு’ என்றால் அவருக்கு அது சரி. நம் சமவெளியில் ஈரப்பதம் பொதுவாக 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். மழை பெய்த ராத்திரியில் அதற்கும் மேலே போகும். அலமாரியில் மடித்து வைத்த துணி பூஞ்சை பிடிக்கிற ஊரில், செடிக்கு ஈரக்காற்று காசு கொடுத்து வாங்கித் தர வேண்டியதில்லை.

கூழாங்கல் தட்டை இன்றைக்கே கொட்டிவிடுங்கள். அது செடிக்குப் பயன்படாது என்பதுகூட இரண்டாம் பட்சம். ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தேங்கிய தெளிந்த தண்ணீரும் அதில் ஒளிந்துகொள்ளக் கல்லும் இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? சுகாதாரத் துறையினர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, ஜெந்திக்-ஜெந்திக், அதாவது கொசுப்புழு, நெளிந்தால் அபராதச் சீட்டு எழுதுவார்கள். டெங்கி வந்து படுப்பதை யோசித்தால் அபராதம் பெரிய விஷயமே இல்லை.

இனி உங்கள் செடியை எது சாகடிக்கிறது என்று பார்ப்போம். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிக் காற்றில் இருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் அழுகல் பூஞ்சை ஏறும். இது எந்த ஊருக்கும் பொது. ஆனால் நம் ஊரில் இரண்டு விஷயம் கூடச் சேர்ந்துகொள்கிறது. ஒன்று, காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் இலை விடுகிற ஆவி குறைவு. ஆவி குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும், தொட்டி காய நாளாகும். அடுத்தது சூடு. மண் சூடாக இருந்தால் வேர் வேகமாக மூச்சு விடும், ஆக்சிஜன் அதிகம் கேட்கும். ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கிற ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். கேட்பது கூடுகிறது, கிடைப்பது குறைகிறது. 20 டிகிரி அறையில் நான்கு நாள் ஈரத்தைத் தாங்குகிற வேர், நம் 32 டிகிரி வரவேற்பறையில் தாங்காது. அந்த நிலைமையில் தினமும் அரைக் குவளை ஊற்றி, சுற்றிலும் இன்னும் ஈரத்தை ஊதினால் என்ன ஆகும்? நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள், அது தெரிகிறது.

காட்டில் மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். நம் ஆற்றோரங்களில் பெம்பான் என்று ஒரு செடி புதர் புதராக நிற்குமே, மலாய்க்காரர்கள் அதன் தண்டை உரித்துக் கூடையும் பாயும் பின்னுவார்கள். அது கலாத்தியாவின் சொந்தக்காரச் செடி, ஒரே குடும்பம். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஆரோரூட் மாவும் இந்தக் குடும்பத்துக் கிழங்குதான். கலாத்தியா என்ற பெயரே கூடை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. இந்த அழகு இலைச் செடிகளின் சொந்த ஊர் பிரேசிலும் அதைச் சுற்றியுள்ள காடுகளும். நம் பால்மரத்துக்கும் அந்தப் பக்கத்து அமேசான் காடுதான் தாய்வீடு. 1877இல் அதன் நாற்றுகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் இருந்து சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து பக்கத்தில் கோலா கங்சாருக்கும் வந்தன. சரி, விஷயத்துக்கு வருகிறேன். காட்டுத் தரையில் பெரிய மரத்து நிழலில், உதிர்ந்து மக்கிய இலைக் குப்பைக்குள் இது வேர் விடும். மழை எவ்வளவு பெய்தாலும் அந்தக் குப்பை வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், காற்று உள்ளே வரும். நாம் அதைப் பிடுங்கி, அடி மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் களிமண்ணுக்குள் புதைத்துவிட்டுக் காட்டுச் செடி சாகிறதே என்கிறோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் இலைதான் தெரிகிறது. சுருண்ட இலையை வைத்து நோயைச் சொல்ல என்னால் முடியாது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடியும் இலையைச் சுருட்டும். வேர் அழுகி, தண்ணீர் இருந்தும் உறிஞ்ச முடியாத செடியும் அதே மாதிரிதான் சுருட்டும். தண்டு அடியோடு சாய்ந்தது என்று எழுதியிருப்பதால் அழுகல் என்று பெரும்பாலும் நம்புகிறேன். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் வேரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டியைச் சாய்த்து, அடியைத் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். முதலில் மூக்கை வைத்துப் பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழை நின்ற பிறகு வருகிற வாசனை இருக்கும். அழுகலுக்குச் சாக்கடை நாற்றம் அடிக்கும், சந்தேகமே வராது. பிறகு ஒரு வேரை விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். உயிருள்ள வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும், இழுத்தால் எதிர்க்கும். செத்த வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். இழுத்தால் மேல் தோல் மட்டும் உறைபோலக் கழன்று விரலோடு வர, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு தொங்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. வேரின் நடுவிலோ நுனியிலோ சின்ன உருளைக்கிழங்கு மாதிரி வெளுப்பாக உருண்டை இருந்தால் பயந்து வெட்டிவிடாதீர்கள். அது நோயில்லை. சில வகைகள் தண்ணீரும் மாவும் சேர்த்து வைக்கிற கிழங்கு அது. நானே முதல் தடவை அதைப் புழு விழுந்த வேர் என்று நினைத்து ஒரு செடியை மொட்டையடித்திருக்கிறேன்.

அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி, மீதியைத் தண்ணீரில் அலசுங்கள். தண்டும் வேரும் சேருகிற அடிக்கிழங்கு கெட்டியாக இருந்தால் வேர் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. அந்த அடிக்கிழங்கே நசுங்கினால் அந்தத் துண்டை விட்டுவிட வேண்டியதுதான். பிறகு மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியாகப் பாருங்கள். நர்சரியில் செம்பனை நாற்றை எடுத்த எடுப்பில் பெரிய பையில் போட மாட்டோம். முதல் மூன்று மாதம் போல நிழலில் சின்னப் பை, அப்புறம்தான் பெரிய பை. வேர் எட்டாத மண் முழுக்கச் சும்மா நனைந்துகொண்டே கிடக்கும் என்பது காரணங்களில் ஒன்று. வீட்டுச் செடிக்கும் அதே கணக்கு.

தொட்டி அடியில் ஓட்டுச் சில்லும் கல்லும் போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். என் அம்மாவும் சொன்னார். அது சரியில்லை. சமையலறையில் உள்ள ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்க வைத்துப் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இப்போது அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்சின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் பிடித்து நிற்கும். நிமிர்த்தினால் அந்த உயரத்துக்கு மேலே இருப்பது வடிந்துவிடும். தொட்டி மண்ணும் அப்படித்தான். அடியில் கல் போட்டால் அந்த ஈரப்பட்டை கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். ஆகவே கல்லை நம்பாமல் மண்ணை மாற்றுங்கள், ஒரே அளவு மண் பிடிக்கிற இரண்டு தொட்டி இருந்தால் உயரமானதை எடுங்கள்.

என்ன மண்? நான் போடுவது தேங்காய் மட்டைச் சில்லு இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பிடி. உமிக்கரி, நம் தாத்தாக்கள் பல் துலக்கிய அதே சாமான்தான். பாகான் செராய் பக்கம் வயல்காடு, நெல்லாலை உள்ள ஊர். அங்கே போகிறவர்களிடம் சொல்லி ஒரு மூட்டை வாங்கி வைத்துக்கொள்வேன். செடிக் கடைகளிலும் கிடைக்கும். மட்டைச் சில்லையும் நார்த்தூளையும் ஒரு நாள் ஊறவைத்து, அந்தச் சாயத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு மூன்று தடவை அலசிய பிறகுதான் கலக்க வேண்டும். தென்னை மட்டையில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் இலை நுனி கருகும். தோட்டத்துச் செம்மண்ணைத் தனியாகப் போடவே போடாதீர்கள். நிலத்தில் அது நல்ல மண், தொட்டியில் நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் செங்கல்.

இவ்வளவு நேரம் ஈரக்காற்று வேண்டாம் என்றவள் இப்போது மாற்றிப் பேசுகிறேன். வேர் வெட்டிய செடியால் பத்து நாள், இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் உறிஞ்ச முடியாது. அந்த நாட்களுக்கு மட்டும் தொட்டியோடு சேர்த்து ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இலை வழியாகப் போகிற தண்ணீரைக் குறைப்பதுதான் நோக்கம். மண் பிசுபிசுப்பாக ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. புது இலை சுருளாக ஊசி போல எட்டிப் பார்த்தால் பையில் ஓட்டை போட்டு, இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடலாம். ஆயுசுக்கும் பைக்குள் வைத்தால் பூஞ்சைதான் வளரும்.

தண்ணீர் விடுவதற்கு நாள் கணக்கு கிடையாது. ‘வாரம் ஒருமுறை’ என்று யாராவது சொன்னால் அது அவர் வீட்டுக்கு. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அந்த ஆழத்தில் ஈரம் குறைந்து லேசான குளிர்ச்சி மட்டும் இருந்தால் ஊற்றலாம். ஊற்றினால் அடியில் ஒழுகும் வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டுங்கள். கொஞ்சம் பழகிய பிறகு விரலும் வேண்டாம். தொட்டியைத் தூக்கினாலே கை சொல்லிவிடும். என் பேத்திக்கு எட்டு வயது, ‘பாட்டி, இது குடிச்சிருக்கு, இது குடிக்கலை’ என்று தூக்கித் தூக்கிச் சரியாகச் சொல்கிறாள். மண் மேலே கறுப்பாகச் சின்ன ஈ பறந்தால் அது நீங்கள் அதிகம் ஊற்றுகிறீர்கள் என்பதற்கு அடையாளம். ஸ்பிரே அடிப்பதையும் விடுங்கள். நர்சரியில் செம்பனை நாற்றில் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளி விழும், கர்வுலேரியா என்பார்கள். இலை ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கலாத்தியாவில் வருகிற பூஞ்சையும் பாக்டீரியாவும் வேறு, ஆனால் அவற்றுக்கும் பிடித்தது நனைந்த இலையும் அசையாத காற்றும்தான். ஸ்பிரேக்குப் பதில் காற்றாடியை ஒன்றாம் எண் வேகத்தில் மெல்ல ஓட விடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் காணொளிகளில் ‘தெற்கு ஜன்னல் ஆகாது, வடக்கு ஜன்னல் நல்லது’ என்று கேட்டிருப்பீர்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்து டிகிரிகூட இல்லாத தூரத்தில் இருக்கிறோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் முற்பகுதி வரை நம் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் இரண்டு பக்க ஜன்னலும் ஆறு மாதம் மாமியார், ஆறு மாதம் மருமகள். தாமான் வீடுகள் நீளமாக, நடுவில் இருட்டாக இருக்கும். சோபாவுக்குப் பின்னால் அந்த இருட்டில் வைத்தால் செடி தண்ணீரும் குடிக்காது, புது இலையும் விடாது. நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். சுவரில் நிழல் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம். ஓரம் கலங்கிய நிழல் என்றால் சரியான இடம். நிழலே விழவில்லை என்றால் இருட்டு. கார் நிறுத்தும் போர்ச்சில் உள்பக்கச் சுவர் ஓரம் பல வீடுகளில் பொருத்தமாக இருக்கும். பனிக்காலத்தில் தண்ணீரைக் குறை, உரத்தை நிறுத்து என்கிற பாடமும் நமக்கு இல்லை. நம் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம்.

கேமரனில் வாங்கியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே ராத்திரி ஸ்வெட்டர் போடுகிற குளிர். அந்தக் குளிருக்கும், கடைக்காரர் கூடாரத்து வெளிச்சத்துக்கும் பழகிய இலைகளை ஒரே மத்தியானத்தில் சிம்பாங் பூலாய் வழியாகக் காரில் இறக்கிக் கொண்டுவந்துவிட்டீர்கள். எந்தச் செடியும் இரண்டு மூன்று இலையை உதிர்த்துத்தான் அந்த மாற்றத்தைத் தாங்கும். முதல் மாதம் பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளானதற்குப் பயந்து நீங்கள் அதிகமாகக் கவனித்ததில்தான் மீதி எல்லாம் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம்தான். இனிமேல் வாங்குவதாக இருந்தால் ஈப்போ பக்கம் சமவெளியில் வளர்த்ததைப் பாருங்கள்.

இலை ஓரம் கருகுவதற்கு வருகிறேன். இதில்தான் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உறுதியானது, உப்பு. உரம் அதிகமானால் ஓரம் கருகும். நான் பட்ட பாடு இது: தோட்டத்து நாற்றுக்குப் போடுகிற 12-12-17-2 நீல உரம் வீட்டில் ஒரு டப்பா மிச்சம் இருந்தது. ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கலாத்தியாக்களுக்குப் போட்டேன், செம்பனை தின்பதை இது தின்னாதா என்று. பத்து நாளில் எல்லா இலையும் யாரோ மெழுகுவத்தி காட்டியது மாதிரி ஓரம் சுருண்டது. இப்போது திரவ உரத்தைப் புட்டியில் எழுதியிருப்பதில் கால் பங்கு கரைத்து, மாதம் ஒருமுறை ஊற்றுகிறேன். சாகக் கிடக்கும் செடிக்கு அதுவும் கிடையாது.

கொஞ்சம் சந்தேகத்தோடு சொல்வது, குழாய்த் தண்ணீர். நம் நாட்டில் பல மாநிலங்களில் பல்லுக்காகக் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். டிரசீனா போன்ற செடிகளில் அது இலை நுனியைக் கருக்கும் என்பது தெளிவாக நிரூபணம் ஆனது. மராண்டா, கலாத்தியா இரண்டையும் அதே பட்டியலில்தான் வைக்கிறார்கள். ஆனால் நம் தண்ணீரில் இருக்கிற கொஞ்ச அளவு மட்டும் உங்கள் செடியைக் கருக்கியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என்னிடம் குழாய்த் தண்ணீர் குடித்தே நன்றாக இருக்கும் தொட்டிகள் இருக்கின்றன. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பதில் பாதி உண்மை. குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. ஈப்போ சுற்று வட்டாரத்தில் சுண்ணாம்புக் குன்று ஓரத்துக் கிணற்றுத் தண்ணீரும் இதற்குத் தோது இல்லை, இலையில் வெள்ளைப் புள்ளியாகச் சுண்ணாம்பு படியும். நமக்குத்தான் மழைக்குக் குறைச்சல் இல்லையே, கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, வலை கட்டி இறுக்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள். மூடி முக்கியம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். கருகிய ஓரம் மறுபடி பச்சை ஆகாது. பார்க்கக் கஷ்டமாக இருந்தால் இலை வடிவத்திலேயே கத்தரித்து, ஒரு நூல் அளவு பழுப்பை விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய இடம் திரும்பவும் கருகும். பழைய இலையை வைத்து எடைபோடாமல், புதிதாக வருகிற இலை எப்படி விரிகிறது என்று பாருங்கள்.

ஏர்கோன் அறையில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. அங்கே காற்று உண்மையிலேயே காய்ந்திருக்கும், சிவப்புச் சிலந்தி வரும். இலை முதுகில் தூசி மாதிரி நுண்ணிய புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அதுதான். ஈரத் துணியால் இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை துடைத்தாலே பெரும்பாலும் அடங்கும். இலைக் கணுவில் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தால் மாவுப்பூச்சி. மருந்துக்கடை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தொட்டு எடுங்கள். தொட்டியில் எறும்பு வரிசை போனால் சும்மா விடாதீர்கள், அந்தப் பூச்சி கசிய விடுகிற இனிப்புக்காக எறும்பே அதைக் காவல் காத்து வளர்க்கும்.

ராத்திரியில் இலை கும்பிடுவது போல நிமிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? இலையும் காம்பும் சேரும் இடத்தில் முட்டி மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அதற்குள் தண்ணீர் ஏறி இறங்குவதால்தான் இலை அசைகிறது. அதனால் மாலை ஏழரை மணிக்கு உங்கள் செடியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மிஞ்சிய இலைகள் இன்னும் நிமிர்கின்றன என்றால் உள்ளே வேர் கொஞ்சமாவது வேலை செய்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். என் அனுபவம்தான், ஆனால் இதுவரை அதிகம் ஏமாற்றியதில்லை.

இது பிழைக்காமல் போனால் அடுத்து என்ன வாங்கலாம் என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நீள இலையில் பாம்புச் சட்டை மாதிரி கோலம் போட்ட லான்சிஃபோலியா முரட்டுச் செடி, தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். கடையில் கலாத்தியா என்ற பெயரில் இருப்பதில் பெரும்பாலானவற்றை 2012இல் ஆய்வாளர்கள் கோப்பர்ட்டியா என்று வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம், அதே செடிதான். வெள்ளைத் திட்டு அதிகமுள்ள ஒயிட் ஃபியூஷன் வேண்டாம். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, சீக்கிரம் கருகும். மூன்று வாங்கி மூன்றையும் இழந்தவள் சொல்கிறேன். கோல இலைதான் வேண்டும், சிரமம் வேண்டாம் என்றால் அக்லோனீமா வாங்குங்கள். அது நம் தென்கிழக்காசியச் செடியே. ஆனால் அதன் சாறு வாயில் பட்டால் அரித்து எரியும். தவழ்கிற குழந்தையோ இலை கடிக்கிற பூனையோ வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கலாத்தியாவில் அந்தத் தொல்லை இல்லை.

இன்றைக்குச் சாயங்காலமே தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், தம்பி. வேரை அலசி, வெள்ளைத் தாள் மேல் பரப்பி, ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள். எந்தத் துண்டை வெட்டலாம், எதை விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். இலைப் படம் இனிமேல் வேண்டாம்.